டென்ஷன் குறைய ஆன்லைன் பாடம்! ரெயிலில் தொங்கியபடி படிக்கும் குமாஸ்தா

சென்னை,

இரவு 9 மணி. தாம்பரம் செல்லும் மின்சார ரெயில். கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி செல்போனில் மூழ்கி இருந்தார் தனியார் கம்பெனி குமாஸ்தா ஒருவர். சினிமா பார்க்கிறார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். "மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி?" என்ற ஆன்லைன் பாடம்!

"ஆபீசுல கட்டாயம்னு சொல்லிட்டாங்க சார். வேலை நேரத்துல பார்க்க முடியலை. இன்னிக்கு முடிக்கலைன்னா நாளைக்கு மானேஜர் கூப்பிடுவார்" என்று அலுத்துக் கொண்டார்.

மூச்சை இழுத்து விடு, நன்றாகத் தூங்கு என்று சொல்லும் இந்தப் பாடங்களால் பலன் உண்டா?

46 ஆயிரம் பேர்

இங்கிலாந்தில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46 ஆயிரத்து 336 ஊழியர்கள் சொன்ன பதில்களை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் அலசினார். 2024-ல் முடிவு வெளியானது. இதுபோன்ற பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நிம்மதியாக இல்லை என்று தெரியவந்தது. வேலைப் பளுவை அப்படியே வைத்துவிட்டு ஊழியருக்கு மட்டும் பாடம் நடத்தினால் வேறு என்ன ஆகும்?

மேலதிகாரிகளுக்கும் பயிற்சி கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-லேயே கூறிவிட்டது.

நாற்காலி

நம்ம ஊரில் பாடம் எதுவும் இல்லாமலே ஒரு காரியம் நடந்தது. கடை ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுக்க நின்ற கால்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்!

மனம் தாங்காதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச சேவை. தமிழிலும் பேசலாம்.

குமாஸ்தா குரோம்பேட்டையில் இறங்கினார். பாடம் பாதி பாக்கி!