பி.காம். படித்தவன் பியூரெட் பிடித்த கதை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அப்பா கேட்டார். "என்ன குரூப் எடுக்கப் போறே?"

நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "கெமிஸ்ட்ரி இல்லாத குரூப்."

அப்படித்தான் காமர்ஸுக்கு வந்தேன். பாலன்ஸ் ஷீட் மேல் காதல் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். வேலன்சி மேல் பயம், அவ்வளவுதான்.

அந்தக் கெமிஸ்ட்ரி 15 வருஷம் பொறுமையாகக் காத்திருந்து, 13,000 கிலோமீட்டர் தாண்டி வந்து என்னைப் பிடித்தது.

2017-ல் மனைவிக்கு அமெரிக்காவில், நியூஜெர்சியில் வேலை. வாலைப் பிடித்துக்கொண்டு போன எனக்கு, என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை; படிக்கலாம். எத்தனை நாள்தான் பாத்திரம் தேய்ப்பது? "லேப் டெக்னீஷியன் கோர்ஸ் படிங்களேன், பின்னாடி உதவும்" என்றாள். அதில் சேர முதலில் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர் முடிக்க வேண்டும். இரண்டிலும் குறைந்தது 'சி' கிரேடு. இல்லாவிட்டால் கட்டிய பணமும் அவள் நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

முதல் செமஸ்டரை நம் ஊர் பாணியில் மனப்பாடம் பண்ணியே தாண்டிவிட்டேன். 2018 ஜனவரியில் தொடங்கியது இரண்டாவது. அதில் மனப்பாடம் செல்லாது. எல்லாமே கணக்கு.

சாயங்கால வகுப்பு. சுற்றிலும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி அவசரமாகப் போனை உள்ளே வைத்தாள். வாத்தியார் வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாள்! நான் போய் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் அவள் முகத்தில் தெரிந்த நிம்மதி இருக்கிறதே...

முதல் பாடம், ரியாக்‌ஷன் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது. சூடு ஏறினால் வேகம் ஏறும். பத்து டிகிரி கூடினால் பல ரியாக்‌ஷன்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. பேராசிரியை ஏதேதோ உதாரணம் சொன்னார். எனக்கு இட்லி மாவுதான் ஞாபகம் வந்தது. சென்னை மே மாதத்தில் ராத்திரி அரைத்த மாவு காலையில் பாத்திரத்தைத் தாண்டி ஓடும். நியூஜெர்சி ஜனவரியில் இரண்டு நாளானாலும் அப்படியே மௌனம். அங்கே நம்மவர்கள் மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுவார்கள். ஓவனைப் போடக்கூடாது. மாவைப் பொங்க வைப்பவை நுண்ணுயிர்கள். சூடு அளவுக்கு மீறினால் அவை செத்துப்போகும். இந்த இரண்டாம் பகுதியை நான் வகுப்பில் கற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கிலோ அரிசியைப் பலிகொடுத்துக் கற்றேன்.

அடுத்து போர்டில் ஒரு வளைகோடு. பொருள் குறையக் குறைய, அது குறைகிற வேகமும் குறையும். இதற்கு ஃபர்ஸ்ட் ஆர்டர் என்று பெயர் என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட, இது நம்ம ஆளு!

ஒரு லட்ச ரூபாய் மெஷின். 15 சதவீதம் தேய்மானம். முதல் வருஷம் 15,000 கழியும். அடுத்த வருஷம் மிச்சமிருக்கிற 85,000-க்குத்தான் 15 சதவீதம், அதாவது 12,750. ரிட்டன் டவுன் வேல்யூ மெத்தட்! பி.காம். முதல் வருஷத்தில் போட்டுப் போட்டு விரல் தேய்ந்த கணக்கு. கார்பன்-14 பாதியாக 5,730 வருஷம் ஆகும் என்றால், நம் மெஷினின் மதிப்பு பாதியாக நாலே கால் வருஷம். சூத்திரம் ஒன்றேதான். வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிக்கிற ஸ்ட்ரெயிட் லைன் மெத்தடுக்கு அவர்கள் ஜீரோ ஆர்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். இதைப் பள்ளிக்கூடத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் ஏன் சார் ஓடியிருக்கப் போகிறேன்?

சமநிலைப் பாடம் சுலபம். சமநிலையில் இருப்பதைத் தொந்தரவு செய்தால், அந்தத் தொந்தரவு குறையும் பக்கமாக அது நகரும். 1884-ல் லெ ஷாட்லியே என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது. கல்யாணமானவர்களுக்கு இதற்குக் கோனார் நோட்ஸ் தேவையில்லை.

கவிழ்த்துவிட்டது பி.எச். 1909-ல் கோபன்ஹேகனில், பீர் கம்பெனியின் லேப் ஒன்றில் வேலை பார்த்த சோரன்சென் கண்டுபிடித்த அளவுகோல். பி.எச். 7-க்கும் 5-க்கும் வித்தியாசம் இரண்டுதானே என்று நினைத்தேன். இல்லை, நூறு மடங்கு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. இந்த ஒரு தப்பையே ஐந்து கேள்விகளில் செய்து பரீட்சையில் 58 வாங்கினேன். இனி லேப் மார்க்குதான் கரையேற்ற வேண்டும்.

லேபில் டைட்ரேஷன். குடுவையில் பெயர் தெரியாத அமிலம் 25 மில்லி; இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன். மேலே பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்ஸைடு. சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்ற வேண்டும். கடைசி ஒரு சொட்டில் நிறமில்லாதது இளஞ்சிவப்பாகி, அப்படியே நிற்க வேண்டும். ரோஸ் மில்க் கலருக்குப் போனால் தீர்ந்தது, தாண்டிவிட்டீர்கள்.

முதல் தடவை 22.40. இரண்டாவது 22.50. மூன்றாவதில் தும்மல் வந்தது. குழாயைத் திருப்பி மூடுவதற்குள் 23.70. அசல் ரோஸ் மில்க்.

மூன்று ரீடிங் ஒத்துப்போனால்தான் முழு மார்க். மணி ஒன்பதரை, லேபை மூடப் போகிறார்கள். என் பார்ட்னர் பையன் கிடங்கு ஒன்றில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டு நர்ஸிங்குக்குத் தயாராகிறவன். காதருகே வந்து, "22.45-னு எழுது. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

அந்த லேப் நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். அடியில் மஞ்சள் நகல். போகும்முன் அதைக் கிழித்துக் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் கேஷ் புக் சட்டம்தான்.

எனக்கு வேறொரு கேஷ் புக் ஞாபகம் வந்தது.

2014. சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். மார்ச் மாதக் கடைசி ராத்திரி, பெட்டி கேஷில் 270 ரூபாய் குறைந்தது. தேடப் பொறுமையில்லை. ஆபீஸ் உதவியாளர் அண்ணன் அவசரத்துக்கென்று கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வெற்று வவுச்சர் டிராயரில் இருந்தது. அதில் 'ஆட்டோ செலவு 270' என்று எழுதிக் கணக்கை நேர் பண்ணினேன். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பார்த்திருந்தால், 630 ரூபாய் கூரியர் பில்லை 360 என்று நானே ஏற்றியிருந்தது அப்போதே தெரிந்திருக்கும். தெரிந்தது அடுத்த மாதம்தான். அதற்குள், அந்தத் தேதியில் அண்ணன் லீவு என்று ஆடிட்டர் கண்டுபிடித்துவிட்டார். மேனேஜர் ஹால் நடுவில் நிறுத்திக் கத்தினார். அவர் தலைகுனிந்து நின்றார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ரொம்ப பிஸியாக இருந்தேன்.

23.70 என்று எழுதினேன். கோடு போட்டேன். 'எல்லை தாண்டிவிட்டது' என்று காரணமும் எழுதி நகலைக் கிழித்துக் கொடுத்தேன். பார்ட்னர் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த டிக்‌ஷனரியும் தேவையில்லை. இரண்டே ரீடிங் என்பதால் 30-க்கு ஐந்து மார்க் போயிற்று, அவனுக்கும் சேர்த்து. இரண்டு வாரம் பேசவில்லை.

கடைசியில் எனக்கு 'சி பிளஸ்', அவனுக்கு 'பி'. நான் லேப் டெக்னீஷியன் ஆகாமல் 2020-ல் ஊர் திரும்பியது வேறு கதை.

லேப் முடிந்த அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். சென்னையில் அப்போது காலை எட்டு மணி. வவுச்சர் விஷயத்தை உளறிக் கொட்டினேன்.

"தெரியும் தம்பி" என்றார். "உன் எழுத்து எனக்குத் தெரியாதா? புதுசாச் சேர்ந்த பையன், வேலை போயிடும்னு விட்டுட்டேன். சம்பளத்துல பிடிச்சிட்டாங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. "ஆயிரம் ரூபாய் அனுப்புறேன்ணே."

"ஆயிரம் எதுக்கு? 270 அனுப்பு. கணக்கு டேலி ஆகணும்ல?"