எடை பார்க்கும் சட்டம்... வயதைப் பார்க்குமா?

கண் சிவந்திருக்கிறது என்று ஒரு பையனை அவன் அம்மா என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். வயது 19. டிப்ளமோ படிக்கிறான். அப்பா பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் கணக்கு எழுதுகிறார். (குடும்பம் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிக்கிறான் ஐயா. உடம்பு சூடு போலிருக்கு..."

பையன் என் முகத்தையே பார்க்கவில்லை. நாக்கு வறண்டிருந்தது. நாடி விரைந்து ஓடியது. சட்டையில் ஒரு வாசனை வேறு! முப்பது வருஷமாக மூலிகை முகர்ந்த மூக்குக்கு அது தெரியாதா? தெரிந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. பொன்னாங்கண்ணித் தைலம் கொடுத்து, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். பையன் ரயிலில் ஒரு பையோடு பிடிபட்டிருந்தான். பைக்குள் 22 கிலோ கஞ்சா.

"யாரோ குடுத்த பை ஐயா. கொண்டாந்து சேர்த்தா அஞ்சாயிரம்னு சொன்னானாம். இதுக்கு முன்னாடி போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்ல. முதல் தடவைன்னு எச்சரிச்சு விட்டுடுவாங்கல்ல?"

நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. வயசுப் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிய வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் ஒரு சித்த வைத்தியன் இன்று சட்டம் பேச வந்திருக்கிறேன்!

கிலோவில் இருக்கிறது தலையெழுத்து

போதைப்பொருள் வழக்குகளுக்கென்று 1985-ல் வந்தது என்.டி.பி.எஸ். சட்டம். 2001-ல் அதைத் திருத்தி, பிடிபட்ட பொருளின் எடையை வைத்துத் தண்டனையை மூன்றாகப் பிரித்தார்கள்.

கஞ்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ வரை 'சிறிய அளவு'. தண்டனை 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை நடுத்தர அளவு. இதற்கு 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். குறைந்தபட்சம் இவ்வளவு என்ற கட்டாயம் இல்லாததால், நீதிபதி பார்த்துக் குறைக்க முடியும். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் 'வணிக அளவு'. அங்கே தண்டனை 10 ஆண்டில்தான் ஆரம்பிக்கிறது. 20 ஆண்டு வரை போகலாம். அபராதமே 1 லட்சத்துக்குக் குறையாது.

மற்றவற்றில் இந்த எடை இன்னும் சுருங்கிவிடும். ஹெராயினுக்கு 5 கிராம் வரைதான் சிறிய அளவு, 250 கிராம் தாண்டினால் வணிக அளவு. எம்.டி.எம்.ஏ. என்கிற மாத்திரை, தூள் வகைக்கு அரை கிராம். 10 கிராம் தாண்டினால் வணிக அளவு. சட்டைப் பையில் அடங்கிவிடும் சமாசாரம்!

வணிக அளவு வழக்கில் ஜாமீனும் எளிதில் கிடைக்காது. இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றத்துக்கே தோன்ற வேண்டும். "பைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் போதாது. தெரியாது என்பதைப் பையன்தான் நிரூபிக்க வேண்டும். முதல் தடவை, படிக்கிற வயசு, கூலிக்குத் தூக்கினவன் எல்லாம் உண்மையாகவே இருந்தாலும், குற்றம் உறுதியானால் நீதிபதி 10 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது.

திருடனுக்கு உண்டு, இவனுக்கு இல்லை

நம் நாட்டில் 1958-லேயே நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று வந்தது. 21 வயது நிரம்பாதவன் ஒரு குற்றம் செய்தால், அது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதபட்சத்தில், கூடியவரை அவனைச் சிறைக்கு அனுப்பாதே, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேள், சிறைதான் என்றால் காரணத்தை எழுதிவை என்கிறது அது. எவ்வளவு நல்ல சட்டம்!

ஆனால் என்.டி.பி.எஸ். சட்டத்தின் 33-ம் பிரிவு இந்தக் கதவை ஏறக்குறைய சாத்திவிட்டது. 18 வயதுக்கு உட்பட்டவர், போதைப்பொருளை உட்கொண்டதற்காக மட்டும் தண்டிக்கப்பட்டவர் போன்ற சிலருக்குத்தான் அது திறக்கும். 19 வயதில் சைக்கிள் திருடினவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, 19 வயதில் கஞ்சாப் பொட்டலம் விற்றவனுக்குக் கிடையாது.

18 நிரம்பாதவர்கள் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வருவார்கள். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 16 வயது முடிந்தவன் கொடிய குற்றத்தில் சிக்கினால், குழுமம் ஆராய்ந்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பவும் இடமுண்டு. சிறுவர்களை வைத்துப் போதைப்பொருள் விற்கிற, கடத்துகிற ஆசாமிக்கு இதே சட்டத்தில் 7 ஆண்டு வரை கடுங்காவல் இருக்கிறது.

மருந்தும் தண்டனையும்

"பள்ளிக்கூட வாசலில் விற்கிறவனுக்கு இரக்கம் காட்டச் சொல்கிறீர்களா வைத்தியரே?" என்று நீங்கள் கோபப்படலாம். கோபம் நியாயம்தான். போதையில் புத்தி பேதலித்த பிள்ளையைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் பெற்றோரை நானும் பார்க்கிறேன். கல்வி நிலையத்திலோ அதன் அருகிலோ விற்றால் தண்டனையைக் கூட்ட அதையே ஒரு காரணமாகக் கொள்ளலாம் என்று சட்டமும் சொல்கிறது. அது இருக்கட்டும்.

ஆனால் எங்கள் வைத்தியத்தில் நேர்வாளம் சேர்ந்த பேதி மருந்தைப் பயில்வானுக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவு கொடுப்பதில்லை. வயது, உடல் வன்மை, நோய் புதிதா, பழையதா என்று பார்த்துத்தான் அளவு. அளவு தப்பினால் நோயோடு ஆளும் போய்விடுவான். 22 கிலோவுக்குப் பணம் போட்ட முதலாளியும், ஐயாயிரத்துக்குத் தூக்கி வந்த பையனும் ஒரே தராசில் நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் 2012 முதல் பின்பற்றும் வழிகாட்டுதலில் எடை மட்டும் கணக்கில்லை. இவன் தலைவனா, முக்கிய ஆளா, ஏவியதைச் செய்த சின்ன ஆளா என்றும் பார்த்தே தண்டனையை முடிவு செய்கிறார்கள்.

எடையை மட்டும் பார்ப்பது எதுவரை போகும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-ல் 42.72 கிராமுடன் பிடிபட்டபோது அவருக்கு வயது 21. வெறுமனே சுமந்து வந்தவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு ஆயுள் தண்டனை தரலாம் என்று 2012-ல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 2022 ஏப்ரல் 27-ம் தேதி தூக்கிலிட்டார்கள். அதே 42 கிராம் நம் சட்டத்தில் நடுத்தர அளவு!

திறந்திருக்கும் கதவுகள்

நம் சட்டத்தில் திறந்திருக்கிற கதவுகளும் உண்டு. வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேர்ந்தால், உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது என்கிறது 64-ஏ பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடலாம். அரசு மருத்துவமனை அல்லது அரசு அங்கீகரித்த மையமாக இருக்க வேண்டும். என் வைத்தியசாலை அதற்குச் செல்லாது!

குற்றம் உறுதியான பிறகும், உட்கொண்ட வழக்கிலும் சிறிய அளவு வழக்கிலும், அடிமையானவரின் வயது, நடத்தை, முன் வரலாறு, உடல், மன நிலை பார்த்து, அவர் சம்மதத்தோடு சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு 39-ம் பிரிவு அதிகாரம் தருகிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

வீட்டில் எதைக் கவனிப்பது?

அடிக்கடி சிவக்கும் கண், வாய் வறட்சி, நேரங்கெட்ட நேரத்தில் அகோரப் பசி, மறதி, படிப்பில் திடீர்ச் சரிவு, புதுச் சிநேகிதர்கள், கணக்கில்லாத பணம்... இதில் ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டாம். நாலைந்து சேர்ந்தால் உட்கார்ந்து பேசுங்கள். கடைசியில் சொன்ன பணத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். "இந்தப் பொட்டலத்தை அவன்கிட்ட குடுத்துடு, உனக்கு வேண்டியது ஃப்ரீ" என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த நிமிஷமே சட்டத்தின் கண்ணில் உங்கள் பிள்ளை வியாபாரி ஆகிவிடுகிறான்.

கஞ்சாவை நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், வியர்வை, தூக்கமின்மை, பசியின்மை வரும். முதல் வாரம் கடுமை. பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் தணியும். தூக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். "நிறுத்தினதும் கிறுக்குப் பிடிச்சிடுச்சு" என்று பயந்து மறுபடி பிடிக்க விட்டுவிடாதீர்கள். தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் போன்றவற்றை வைத்தியர் சொல்லும் அளவில் துணையாகக் கொடுக்கலாம். ஆனால் போதைப் பழக்கத்துக்கு அது மட்டும் மருந்தாகாது. மனநல மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும்.

அந்தப் பையனுக்கு 10 ஆண்டு தீர்ப்பாகிவிட்டது. பிடிபடும்போது வயது 20. மாதம் தவறாமல் பஸ் ஏறி கடலூர் கேப்பர் மலை மத்திய சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் அந்த அம்மா. திரும்பும்போது சில நாள் என்னிடம் வந்து உட்காருவார். "வெளிய வரும்போது முப்பது ஆயிடும் ஐயா" என்பார். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பது அவருக்கு இன்னமும் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவரிடம் நானே கொடுக்கப் போகிறேன்.

போன மாதம் இன்னொரு பையன் வந்தான். அதே சிவந்த கண். இந்த முறை தைலத்தை எடுக்கவில்லை. அப்பாவைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "எத்தனை நாளா தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அழ ஆரம்பித்தான். இப்போது அரசு மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறான்.

கேட்பதற்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. நீங்களும் கேட்டுவிடுங்கள்.