முகப்பில் ஒரு நாடு, பானெட்டுக்குள் இன்னொரு நாடு

மதுரை ஒத்தக்கடையில் மேலூர் சாலையோரம் அரை மணி நேரம் நின்றால் பாதி ஐரோப்பா கண்முன்னே போய்விடும். உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்கறிஞர்கள் ஓட்டிவரும் ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வாகனும், யானைமலை அடிவாரத்து நரசிங்கம் கோயிலுக்குக் குடும்பத்தோடு திரும்பும் ரெனால்ட் ட்ரைபர், எப்போதாவது ஒரு பி.எம்.டபிள்யூ. சென்னைக்குப் போகும் ஏசி பஸ்ஸைப் பலர் இன்னும் ‘வால்வோ’ என்றே சொல்கிறார்கள், அது எந்தக் கம்பெனி பஸ்ஸாக இருந்தாலும்.

டீக்கடைப் பேச்சில் இந்த வண்டிகளுக்கெல்லாம் தீர்ப்பு எப்போதோ எழுதியாகிவிட்டது. ஜெர்மன் வண்டி கல்லு மாதிரி இருக்கும். பிரெஞ்சு வண்டி சொகுசு, ஆனால் ஸ்பேர் கிடைக்காது. இத்தாலி வண்டி அழகு, ஆனால் வேலை வைக்கும். ஸ்வீடன் வண்டியில் ஏறினால் உயிருக்குப் பயமில்லை. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு லட்சம் போட்டு வண்டி எடுக்கப்போகிறவருக்கு அந்தக் கொஞ்சம் போதாது.

அதே சாலையில் ஓடும் ஓர் ஐரோப்பிய இன்ஜினை யாரும் ஐரோப்பிய இன்ஜினாக நினைப்பதேயில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் பழைய டீசல் ஸ்விஃப்ட் டிசையரின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். முகப்பில் ஜப்பானிய சுசுகியின் முத்திரை இருக்கும். உள்ளே இருப்பது இத்தாலியின் ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி மல்டிஜெட் டீசல். 2003இல் ஐரோப்பாவில் அறிமுகமான இந்த இன்ஜின் 2007இல் மாருதி ஸ்விஃப்டுக்குள் வந்தது. பிறகு எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா என்று மாருதியின் வீடு முழுக்கப் பரவியது. டாடா விஸ்டாவிலும் செவர்லே செய்லிலும்கூட இதுவேதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபோது மாருதி இதை நிறுத்தியது. பட்டறைகளில் இன்றும் இதற்கு ‘ஃபியட் இன்ஜின்’ என்றுதான் பெயர்.

இதே இன்ஜினோடு ஃபியட் தன் சொந்தப் பெயரில் விற்ற புன்டோவும் லீனியாவும் என்ன ஆயின? கனமான கதவு, நெடுஞ்சாலையில் ஆடாத உடம்பு, நல்ல ஸ்டியரிங் என்று ஓட்டியவர்கள் மெச்சினார்கள். விற்பனைதான் ஏறவில்லை. ஃபியட்டுக்கு ஊர் ஊராகச் சொந்த ஷோரூம் கிடையாது. சில ஆண்டுகள் டாடா கடைகளில் வைத்து விற்றார்கள். பிறகு ஃபியட் என்ற பெயரே இந்தியக் கார் சந்தையை விட்டுப் போய்விட்டது. ஓர் இன்ஜின் மாருதி வண்டியில் இருந்தால் ‘வேலை வைக்காது’, ஃபியட் வண்டியில் இருந்தால் ‘ஸ்பேர் கிடைக்காது’. இரும்பு மாறவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு மாறியது. ஐரோப்பிய வண்டியின் தரத்தைப் பற்றி இந்தியாவில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஓர் இடத்தில் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் நாட்டுக் கணக்கே குழம்பிவிடுகிறது. இன்றைய டீசல் கார்களின் உயிர்நாடியான காமன் ரெயில் முறையைக் காருக்காக வளர்த்தெடுத்தது ஃபியட் குழுமம். 1990களில் அதை வாங்கிப் பெரிய அளவில் தயாரித்தது ஜெர்மனியின் பாஷ். 1997இல் அதைத் தாங்கி முதலில் சந்தைக்கு வந்த கார் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 156. அப்படியானால் காமன் ரெயில் இத்தாலிச் சரக்கா, ஜெர்மன் சரக்கா?

ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தால் சேசிஸ் எண்ணைப் பார்க்கலாம். பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட அந்த வரிசையின் தொடக்கம் வண்டியின் பிறந்த வட்டாரத்தைக் காட்டும். ‘டபிள்யூ’ என்றால் ஜெர்மனி. ‘இசட்’ இத்தாலி, ‘வி.எஃப்.’ பிரான்ஸ், ‘டி.எம்.’ செக் நாடு, ‘ஒய்.வி.’ ஸ்வீடன். ஆனால் ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகன், ரெனால்ட் க்விட் எதை எடுத்தாலும் முதல் எழுத்து ‘எம்’. இந்தியாவில் தயாராகும் கார்களின் எண் அந்த எழுத்தில்தான் தொடங்கும். குஷாக்கும் டைகனும் புணேயை அடுத்த சாக்கனில் பிறந்தவை. க்விட் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் பிறந்தது.

இந்தக் கலப்பு புதிதல்ல. தமிழ்நாடு இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961இல் ஹெரால்டு என்ற காரைத் தயாரிக்கத் தொடங்கியது. பிரிட்டனில் அது டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் உடலை வரைந்தவரோ இத்தாலிக்காரர், ஜியோவானி மிகெலோட்டி. சேசிஸ் தனியாக, அதன் மேல் தகடுகளை போல்ட் போட்டுப் பூட்டிய கட்டுமானம் என்பதால் ஒரு பக்கம் நசுங்கினால் அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். பிரிட்டனில் இரண்டு கதவோடுதான் விற்றார்கள். பின்சீட்டில் பெரியவர்களை உட்காரவைத்துப் போகும் ஊருக்கு அது சரிப்படாது என்று இங்கே நான்கு கதவு வைத்த ஹெரால்டையே உருவாக்கினார்கள். இந்தியாவில் மட்டும் இருந்த வண்டி அது.

அதே தொழிற்சாலைதான் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரையும் கொண்டுவந்தது. அதன் உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்று பரிசு வாங்கிய வடிவம். பிரிட்டனில் அதற்குள் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் உறுமியது. வண்டலூரில் அதற்குள் வைத்ததோ 1940களின் வான்கார்டு காரின் வழி வந்த இரண்டு லிட்டர் இன்ஜின். பார்வைக்கு மிடுக்கு, விலை அதிகம், பெட்ரோலைக் குடித்தது, ஓட்டத்தில் சுகமில்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது, கம்பெனியும் படுத்தது. ‘பிரிட்டிஷ் கார் மோசம்’ என்று அந்தக் காலத்தில் முடிவு கட்டியவர்கள் உண்டு. மோசமாய்ப் போனது வேறு: அந்த உடலுக்குத் தகுதியான இன்ஜின் கிடைக்காமல் கிடைத்ததை வைத்துப் பூட்டியதுதான் அந்த வண்டியைக் கொன்றது.

அம்பாசடரின் கதை இதற்கு நேர் எதிர். ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கவ்லியில் உருவான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் அம்பாசடர் ஆயிற்று. 2014 வரை தயாரானது. இன்றைய அளவுகோலில் அதன் பிரேக்கும் பாதுகாப்பும் தேறாது. ஆனாலும் மேலூர்ப் பக்கத்து மண் சாலையில் ஒரு ஸ்பிரிங் பட்டை உடைந்தால் அடுத்த ஊர்க் கொல்லுப்பட்டறையிலேயே வேலை முடிந்துவிடும். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொழில் தொடங்கிய மதுரையில் வண்டியைக் கழற்றிப் பூட்டும் கைகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அந்தக் கைகளுக்கு எட்டும்படி இருந்ததுதான் அம்பாசடரின் தரம். அதன் பெயரை 2017இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்ஸின் பெஜோ குழுமம். கவ்லியில் இன்று மினி கார் தயாராகிறது. அதன் முதலாளி ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.

பாதுகாப்புக்கு வருவோம். ஸ்வீடன் பெற்ற பெயர் நியாயமாகச் சம்பாதித்தது. இன்று எல்லாக் கார்களிலும் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்துப் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959இல் கொண்டுவந்தது வால்வோ. அதன் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். காப்புரிமை இருந்தும் மற்ற கம்பெனிகள் பயன்படுத்திக்கொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது. 2010 முதல் அந்தக் கார் கம்பெனி சீனாவின் கீலி கையில் இருக்கிறது.

பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறுவதைவிட மாடலுக்கு மாடல் அதிகம் மாறுகிறது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய ஃபோக்ஸ்வாகன் போலோவை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத போலோவுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. இரண்டு ஏர்பேக் உள்ள அதே போலோவுக்கு நான்கு. உடம்பு இரண்டிலும் உறுதியாகத்தான் நின்றது. அதன் பிறகு எல்லாப் போலோவிலும் ஏர்பேக் கட்டாயமாக வந்தது. 2022இல் அதே குடும்பத்தின் குஷாக்கும் டைகனும் பெரியவர்கள், குழந்தைகள் இருவரின் பாதுகாப்பிலும் ஐந்து நட்சத்திரம் வாங்கின.

பிரெஞ்சுப் பக்கம் இன்னும் தெளிவு. ஒரகடத்துக் க்விட் 2016இல் முதல் சோதனையில் பூஜ்யம். அதே தொழிற்சாலையிலிருந்து, ஏறத்தாழ அதே அடித்தளத்தை நீட்டிச் செய்த ட்ரைபர் 2021இல் நான்கு நட்சத்திரம். திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் இ-சி3 2024 மார்ச்சில் பூஜ்யம். அதே கம்பெனியின் பசால்ட் அந்த ஆண்டே அக்டோபரில் பாரத் என்கேப் சோதனையில் நான்கு. ‘பிரெஞ்சுக் கார் பாதுகாப்பானதா?’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்தக் கார், எந்த ஆண்டு, எந்த வேரியன்ட் என்று கேட்டால் பதில் உண்டு.

சரி, ‘கல்லு மாதிரி’ ஜெர்மன் வண்டி?

சாலையில் ஒட்டிக்கொண்டு ஓடுவதிலும் கதவு சாத்தும் கனத்திலும் அந்தப் பேச்சு பொய்யில்லை. ஆனால் ஜெர்மன் வண்டியின் சிக்கல்களும் சாமானியமானவை அல்ல. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுவதும் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பெரும்பங்கு, டி.எஸ்.ஜி. எனப்படும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காக. வெப்பமும் ஈரமும் அதிகமான ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், அதில் ஊற்றியிருந்த செயற்கை எண்ணெயால் மின்கோளாறு வந்தது. அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கனிம எண்ணெய் ஊற்றினார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கோரிப்பாளையம் தாண்டியவர்களுக்கு அந்த ‘வெப்பமும் நெரிசலும்’ என்னவென்று விளக்கத் தேவையில்லை. இந்த கியர்பாக்ஸ் ஜெர்மன் போலோவிலும் இருந்தது, செக் ஆக்டேவியாவிலும் இருந்தது, ஸ்பெயினின் சியாட்டிலும் இருந்தது. மூன்று நாட்டுக்கும் ஒரே நோய். இன்று சாக்கனில் தயாராகும் குஷாக்கின் ஒரு லிட்டர் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ஜப்பானின் ஐசின் வடிவமைத்த கியர்பாக்ஸ்.

2015இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகனின் டீசல் புகை மோசடியில் சிக்கியவை உலகளவில் சுமார் 1.10 கோடி கார்கள். இந்தியாவில் மட்டும் 3.23 லட்சம் கார்களைத் திருத்தித் தருவதாக அந்த டிசம்பரில் கம்பெனி அறிவித்தது. கதவின் கனம் எதையும் சொல்லாத இடம் இது.

ஜெர்மனியில் காருக்கு மூன்று வயதானதும் முதல் தகுதிச் சோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நம் எஃப்.சி. போலத்தான், கறார் அதிகம். அதில் கண்ட குறைகளைத் தொகுத்து டி.யூ.வி. அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. போர்ஷே 911 பல ஆண்டுகள் அதில் உச்சியில் நின்றது. ருமேனியாவின் டேசியா லோகன் பல ஆண்டுகள் அடியில் கிடந்தது. ஜெர்மனி உயர்ந்தது, ருமேனியா தாழ்ந்தது என்று படிக்கத் தோன்றும். 911ஐ வைத்திருப்பவர் அதைக் கொஞ்சமாக ஓட்டுவார், நேரத்துக்கு சர்வீஸ் விடுவார். லோகனை வாங்கியவர் காசு மிச்சம் பார்த்து வாங்கியவர். தேய்ந்த பிரேக் பேடோடு இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார். பட்டியல் காரை அளக்கும்போது சொந்தக்காரரின் சட்டைப்பையையும் சேர்த்தே அளக்கிறது.

அந்த டேசியாவின் இன்னொரு காரை மதுரை நன்றாக அறியும். 2012இல் ஒரகடத்திலிருந்து வந்த ரெனால்ட் டஸ்டர் ஐரோப்பாவில் டேசியா டஸ்டர். குழியில் இறங்கினாலும் முதுகு நோகாத அந்த சஸ்பென்ஷனை நம் ஆட்கள் பிரெஞ்சுச் சொகுசு என்று பாராட்டினார்கள். கரடுமுரடான சாலையில் குறைந்த செலவில் ஓட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த ருமேனியக் கார் அது.

விலை கூடிய பி.எம்.டபிள்யூவும் 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்துப் பூட்டப்படுகிறது. முழு வண்டியாகக் கப்பலில் வந்தால் வரி மலை மாதிரி; பாகங்களாக வந்தால் குறைவு. 2015 முதல் அதன் இன்ஜின்களைச் சென்னைக்கு அருகிலேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பூட்டித் தருகிறது. இங்கே பூட்டியதால் தரம் குறைந்துவிடாது. அந்தக் கம்பெனியின் பெயர்பெற்ற கோளாறு ஒன்று ஜெர்மன் வரைபலகையிலேயே பிறந்தது: 2007இல் வந்த என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயினை முன்பக்கம் வைக்காமல் கியர்பாக்ஸ் பக்கம் வைத்தார்கள். செயின் தேய்ந்து தளர்ந்தால் அதை எடுக்க இன்ஜினையே இறக்க வேண்டும். செலவு லட்சக் கணக்கில் போகும்.

ஒத்தக்கடையில் இப்படி ஒரு பழைய வண்டியை விலை பேசுகிறவர் எந்த நாட்டு வண்டி என்ற கேள்வியைத் தள்ளிவைக்கட்டும். எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், அதன் எண்ணெய் எப்போது மாற்றியது, மதுரைக்குள் அதற்கு சர்வீஸ் இருக்கிறதா, இல்லை திருச்சிக்கோ கோவைக்கோ ஏற்றி அனுப்ப வேண்டுமா என்று கேட்கலாம். அந்த மாடலை ஏற்கெனவே கழற்றிப் பார்த்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாம். செயின் தளர்ந்திருந்தால் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இன்ஜினைக் காலையில் முதன்முதல் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வரும், சூடேறியதும் அடங்கிவிடவும் கூடும். போய்த் தொடும்போதே பானெட் சூடாக இருந்தால் அன்றைக்கு முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டு, மறுநாள் விடியலில் சொல்லாமல் போய்ச் சாவியைக் கேட்கலாம்.