ஆயுத பலமும் அயல்நாட்டுக் கொள்கையும்

1990-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், ராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய இந்திய அமைதிப் படையின் கப்பல்கள் வந்து நின்றன. கடைசிப் பிரிவு திரிகோணமலையை விட்டது மார்ச் 24-ந் தேதி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோழர்களைப் பறிகொடுத்துத் திரும்பிய அவ்வீரர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் ஸ்ரீ மு. கருணாநிதி செல்லவில்லை. ஈழத் தமிழர் அப்படையால் பட்ட துன்பமே காரணமென்றார். அது முறையா அன்றா என்ற விவாதம் அன்றே எழுந்தது. நாம் கேட்க விரும்புவது வேறு. வீரத்தில் சற்றும் குறையாத ஒரு சேனை ஏன் வெறுங்கையுடன் திரும்பிற்று?

1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் ஸ்ரீ ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். யுத்தம் நிற்க வேண்டும். தமிழ்ப் பிரதேசங்களுக்கு மாகாண ஆட்சி வேண்டும். போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். அகதிகள் வீடு திரும்ப வேண்டும். நோக்கங்கள் நல்லவையே. ஆனால், ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டிய விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திட்டவர்களல்லர். பிறர் மனமிசைந்து கொடாத வாக்கைத் துப்பாக்கி முனையில் நிறைவேற்றும் வேலை நமது சேனையின் தலையில் விழுந்தது.

அக்டோபரில் சண்டை மூண்டது. மாத முடிவுக்குள் யாழ்ப்பாண நகரம் வசமாயிற்று. அதே மாதத்தில் அந்நகரின் ஆஸ்பத்திரிக்குள் நமது துருப்புகள் சுட்டதில் நோயாளிகளும் வைத்தியர்களும் மாண்டனர். நகரம் கைக்கு வந்தது. ஜனங்களின் மனம் கைநழுவிற்று.

இன்னும் அதிகப் படையும் அவகாசமும் கொடுத்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்பர் சிலர். படை எழுபதாயிரத்துக்கு மேல் பெருகியும் பலனில்லை. 1989-இல் ஜனாதிபதி பிரேமதாசா நமது படை வெளியேற வேண்டுமென்றார். அவரது சர்க்காரே புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது. பரம விரோதிகளான இருவரைச் சில காலம் நமக்கெதிராக ஒன்றுசேர்த்ததே நமது ஆயுத பலம் கண்ட லாபம்! இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. 1973-இல் அமெரிக்கப் படை வியத்நாமை விட்டகன்றதும், 1989-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தை விட்டகன்றதும் இதே பாடத்தைத்தான் புகட்டின.

1990 ஜூனில் இலங்கையில் மீண்டும் யுத்தம் மூண்டது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாய்த் தமிழ்நாட்டுக்கு வந்தனர். எண்ணூருக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் அமைந்த அவர்களது முகாம் இன்றும் இருக்கிறது. அகதிகள் வீடு திரும்புவதற்கென்று சென்ற சேனை திரும்பி வந்த துறைமுகத்துக்கும், வீடு திரும்பாதோர் வாழும் அம்முகாமுக்கும் சில மணி நேரப் பிரயாணம்கூட இல்லை. உடன்படிக்கையின் பயனாக எஞ்சி நிற்பதோ, பேச்சினால் பிறந்த 13-வது அரசியல் சட்டத் திருத்தமே.

தேசத்தைக் காக்கச் சேனை வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. எல்லையை அது காக்கும், நகரத்தைப் பிடிக்கும். ஆனால், இரு ஜனசமூகங்களுக்கிடையே நம்பிக்கையை உண்டாக்க அதனால் இயலாது. இனி இத்துறைமுகத்திலிருந்து அயல்நாட்டுக்குத் துருப்புக் கப்பல் புறப்படுமுன், "யார் யார் சம்மதித்திருக்கிறார்கள்?" என்று ஆள்வோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். முகாம்களில் வாழ்வோருக்குத் தாயகம் திரும்பவோ, இந்நாட்டின் பிரஜைகளாகவோ விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அளிக்க வேண்டுமென்றும் வற்புறுத்துகிறோம். துப்பாக்கி தீர்க்காமல் விட்ட கடனை நியாயமாவது தீர்க்கட்டும்.