ஏலக்காய் விலை தெரியாத பணம்

கேரளத்தின் புற்றடி ஏல மையத்தில் 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதுவரை யாரும் காணாத விலை. 2022-ல் அதே காயின் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. வெளியாள் இதில் ஒன்றைக் கவனிக்கத் தவறுவார்: விலை உச்சத்தில் நின்ற வருஷம் பல தோட்டங்களில் செடியில் காய் இல்லை. 2018 வெள்ளமும் பின்னால் வந்த வறட்சியும் செடியைக் கெடுத்ததால்தான் விலையே ஏறியது. காய் கொட்டிய வருஷம் விலை இல்லை. முதுமைக்குச் சேர்ப்பது அவரவர் பொறுப்பா, அரசின் பொறுப்பா என்ற வாதம் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்தே நடக்கிறது. இப்படி வருமானம் நிலையில்லாத போடிநாயக்கனூரிலும், போடிமெட்டுக்கு மேலே கேரளத்தில் விரியும் ஏலமலையிலும் அந்த வாதத்தை வேறு விதமாகத்தான் நடத்த வேண்டும்.

இங்கே முதலீடு என்றால் என்ன? வசதி உள்ளவருக்கு மலையில் இரண்டு ஏக்கர் தோட்டம், ஊரில் ஒரு வீட்டுமனை, வட்டிக்கு விட்ட கொஞ்சம் பணம். கூலிக்குப் போகிறவருக்கு மாதச் சீட்டு, காதிலும் கழுத்திலும் கிடக்கும் நகை. பார்த்தால் நாலைந்து விதமாகப் பிரித்துப் போட்டதுபோலத் தோன்றும். ஆனால் எல்லாம் ஒரே செடியில் தொங்குகின்றன. விலை விழுந்தால் தோட்டம் வாங்க ஆள் வராது. மனை கேட்டுக்கொண்டிருந்த ஏலக்காய் வியாபாரி பேச்சை நிறுத்துவார். கடன் வாங்கியவரிடம் வட்டி வராது. சீட்டில் இரண்டு மூன்று பேர் தவணை கட்ட மாட்டார்கள். நகை மட்டும் விதிவிலக்கு, தங்கம் ஏலக்காயைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. இருந்தும் அது அடகுக்கடைக்குப் போவது கூலி நின்ற மாதத்தில்தான். கூலி நிற்க மழையும் வெயிலும் மட்டுமே காரணமில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் போடியிலிருந்து கேரளத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் தொழிலாளர் ஜீப்புகள் மெட்டு ஏற முடியவில்லை. அப்போதும் வந்த பணம் முதியோர் ஓய்வூதியம். தொகை சிறிது, ஆனால் ஏலக்காய் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு அது வருவதில்லை. கூலிக்கும் சீட்டுப் பணத்துக்கும் இந்தக் குணம் கிடையாது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ஏலத்தோடு சம்பந்தமில்லாத முதலீடு இன்று கைபேசியிலேயே கிடைக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 500 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டால், ஏலமலை வறண்டாலும் பணம் வளருமே என்பது. சரி, கணக்கைப் போடுவோம். 30 ஆண்டு ஒரு மாதமும் விடாமல் கட்டி, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 11 லட்சத்துக்குச் சற்று மேல் சேரும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்தால், இன்றைய மதிப்பில் அது சுமார் 2,60,000 ரூபாய். அதை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 1,500. தமிழக அரசு 2023-ல் உயர்த்திய முதியோர் ஓய்வூதியம் 1,200. அதாவது 360 தவணைகளும் சந்தையின் தயவும் சேர்ந்து கொண்டுவருவது அதைவிட முந்நூறு ரூபாய் கூடுதல். அந்த 360 தவணை தினக்கூலிக்குக் கைகூடுமா என்பது தனிக் கேள்வி. பிரசவமும் பள்ளிக் கட்டணமும் மழைக்கால வேலையின்மையும் நடுவில் வரும். 2020 மார்ச்சில் கூலி நின்றது, அதே மாதம் பங்குச் சந்தையும் சரிந்தது. அன்று பணத்தை எடுத்தவர் விழுந்த விலைக்கே எடுத்திருப்பார்.

இந்தச் சோதனையை ஒரு நாடு முழுசாகவே செய்து பார்த்தது. 1981-ல் ராணுவ ஆட்சியில் இருந்த சிலி, அரசு ஓய்வூதியத்தைத் தனிநபர் முதலீட்டுக் கணக்குகளாக மாற்றியது. (ராணுவத்தினர் மட்டும் தங்களைப் பழைய ஏற்பாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.) விட்டுவிட்டு வேலை பார்த்த பெண்களுக்கும் நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கும் கணக்கில் சேர்ந்தது சொற்பம். 2008-ல் வரிப்பணத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியம் தர வேண்டியதாயிற்று. கொரோனா காலத்தில் அவரவர் கணக்கிலிருந்து பத்து சதவீதம் எடுத்துக்கொள்ள மூன்று முறை அனுமதித்தார்கள். பலருடைய கணக்கு காலியானது.

அதற்காக நம் அரசுப் பணத்தைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். சட்டமோ 20 பேராவது வேலை பார்க்கும் இடங்களுக்கானது. ஜீப் இன்று எந்தத் தோட்டத்தில் இறக்குகிறதோ அங்கே காயெடுப்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? மெட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்குக் கேரளம் 1,600 ரூபாய் கொடுத்துவந்தது, 2025 நவம்பரிலிருந்து 2,000. அதே தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை செய்துவிட்டுப் போடியில் குடியிருப்பவருக்கு 1,200. ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தத் தொகை. தமிழ்நாடு 1962-லேயே 20 ரூபாயில் இந்தத் திட்டத்தைத் தொடங்கிய முன்னோடி மாநிலம். ஆனால் 2011-ல் ஆயிரமாக்கிய தொகையை 2023 வரை தொடவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ இரட்டித்தது. மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 2007 முதல் 200 ரூபாயிலேயே நிற்கிறது.

ஓய்வூதியம் உறுதி என்றால் யார் சேமிப்பார்கள் என்று கேட்பவர்கள், இன்றைய விதியைப் பார்க்க வேண்டும். ஆதரவற்றவர் என்று வி.ஏ.ஓ. விசாரித்து எழுத வேண்டும், சொத்து ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. நாலு காசு சேர்த்தவர்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. உண்மையில் வீட்டுக் கிழவிக்கு நிச்சயமாக ஒரு தொகை வந்தால்தான், மகன் தன் தவணையைக் கெட்ட மாதத்தில் உடைக்காமல் விடுவான். அரசுக் கஜானா தாங்குமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. செலவு கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் தொகையை உறையவைப்பதும் ஒரு வெட்டுதான். சட்டமன்றத்தில் அறிவிக்காமலே ஆண்டுதோறும் நடக்கும் வெட்டு. ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது. முதியோர் ஓய்வூதியத்துக்கும் அதே ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் எந்தத் திட்டம் போட்டாலும் என்னவாகும் என்பதற்கு, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தைப் பார்க்கலாம். 18 வயதில் சேர்ந்து மாதம் 55 ரூபாய் கட்டினால் அரசும் அதே அளவு போடும். 60 வயதில் மாதம் 3,000 வரும். 42 ஆண்டு கழித்து வரும் அந்த 3,000-க்கு, 5 சதவீத விலையேற்றத்தில், இன்றைய மதிப்பு 400 ரூபாய்கூட இல்லை.