பாக்கெட்டின் பின்பக்கத்துக் கணக்கு

காரைக்குடியில் பலகாரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம், கைமுறுக்கு, அதிரசம் என்று ஒரு காலத்தில் கல்யாணச் சீருக்கு டின் டினாகப் போனவை, இன்று ஒட்டிய பாக்கெட்டில் சிங்கப்பூர், கோலாலம்பூர் வரை போகின்றன. அதே அலமாரியில் சிப்ஸும் பிஸ்கட்டும் நூடுல்ஸும் இருக்கின்றன. "டேட் பார்த்து வாங்கிட்டு வா" என்று சொல்லிப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வீடுகள் நிறைய. டேட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சத்துக் கட்டத்தைப் பார்க்கச் சொல்பவர் குறைவு. பார்த்தாலும் சட்டென்று விளங்காது. படிக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டம் அமைந்திருக்கும் விதம் அப்படி.

விளங்காவிட்டால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

யாருடைய ஒரு வேளை?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, 100 கிராமில் என்னென்ன எவ்வளவு என்று போட வேண்டும். கூடவே, ஒரு தடவை சாப்பிடும் அளவில் அன்றாடத் தேவையின் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்றும் காட்ட வேண்டும். அந்த ஒரு தடவை என்பது எத்தனை கிராம் என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்கிறது. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

உதாரணத்துக்கு, 150 கிராம் காரப் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம். ஒரு தடவைக்கு 30 கிராம் என்று போட்டால் 240 மில்லிகிராம். ஒரு நாள் வரம்பான 2,000 மில்லிகிராமில் 12 சதவீதம். பயப்பட ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் பிரித்த பாக்கெட்டை 30 கிராமோடு மடித்து வைப்பவர் யார்? மழைநாளில் டிவி முன்னால் முழுப் பாக்கெட்டும் காலியானால் 60 சதவீதம் போயிற்று. மூன்று வேளைச் சோற்றுக்கும் குழம்புக்கும் மீதி 40தான்.

அந்த 2,000 மில்லிகிராம் என்பது எவ்வளவு உப்பு? இரண்டரையால் பெருக்க வேண்டும்: 5 கிராம், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி. முழுப் பாக்கெட்டில் இருந்த 1,200 மில்லிகிராம் சோடியம் 3 கிராம் உப்பு. சமையலறையில் யாரும் சோடியம் போடுவதில்லை, உப்புதான் போடுகிறோம். பாக்கெட்டில் உப்பென்றே எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

சர்க்கரையில் இரண்டு அளவுகோல்

லேபிளில் உள்ள சதவீதம், சேர்த்த சர்க்கரை ஒரு நாளுக்கு 50 கிராம் வரை போகலாம் என்ற கணக்கில் போடப்படுகிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ 25 கிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. 20 கிராம் சர்க்கரை உள்ள ஒரு பானம் லேபிளில் 40 சதவீதம், வழிகாட்டியின்படி 80. இரண்டும் அரசு சொல்லும் கணக்குதான்!

சதவீதத்துக்கு அடிப்படையாக வைத்திருக்கும் 2,000 கலோரியும் எல்லாருக்கும் பொருந்தாது. உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஏறத்தாழ 1,660 கலோரி போதும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. ஆகவே என் யோசனை: சதவீதத்தை விட்டுவிடுங்கள். 100 கிராம் என்று தலைப்பிட்ட பத்தியை மட்டும் பாருங்கள். இரண்டு பிராண்டுகளை ஒப்பிட அதுதான் நேர்மையான அளவு.

பட்டியலில் முதலில் இருப்பது எது?

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது நோக்கி எழுத வேண்டும் என்பது விதி. கம்பு பிஸ்கட் என்று பெயர் வைத்துவிட்டு, பட்டியலில் மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் முடிந்த பிறகு கம்பு வந்தால், அது மைதா பிஸ்கட். சர்க்கரைக்கு மட்டும் பல வேடங்கள்: லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப். சிறிது சிறிதாகப் பிரித்து எழுதினால் எதுவும் முதலிடத்துக்கு வராது.

சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்களைக் கண்டு மட்டும் அனாவசியமாக மிரள வேண்டாம். 500(ii) என்பது வீட்டில் புழங்கும் ஆப்ப சோடாதான். 330 என்பது எலுமிச்சையிலும் உள்ள சிட்ரிக் அமிலம்.

முன்பக்கத்து வாசகங்கள்

செட்டிநாட்டுப் பலகாரங்களில் 'பாரம்பரிய' என்ற சொல் தாராளமாகப் புழங்கும். ஒரு செய்முறை நீண்ட காலம் வழக்கில் இருந்திருந்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம் என்று 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள் சொல்கின்றன. தேன்குழல் அதில் எளிதாகத் தேறிவிடும். ஆனால் செய்முறை பழையது என்பது எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று சொல்லாது. அதற்குச் சேர்மானப் பட்டியலுக்குத்தான் போக வேண்டும். கடலை எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெரிதாகப் போடுவது இன்னொரு வேடிக்கை. எந்தத் தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருந்தது?

தராசில் நிறுத்துக் கவரில் போட்டுத் தரும் கடையில் இந்தக் கட்டமே கிடையாது. அங்கே சிக்கு வாடை அடிக்கிறதா என்று மூக்குதான் பார்க்க வேண்டும்.

தமிழும் கட்டாயமில்லை, சின்னப் பாக்கெட்டில் சத்துக் கட்டமும் கட்டாயமில்லை

விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான். செட்டிநாட்டு வீட்டில் சமையலறையை ஆளும் ஆச்சிக்கு இந்த லேபிளால் என்ன லாபம்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சிறு பாக்கெட்டில் சேர்மானமும் சத்து விவரமும் போட வேண்டியதில்லை. பல பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டிய வெளி உறையில் போட்டால் போதும். பள்ளிக்கூட வாசலில் மிகச் சின்னப் பொட்டலமாக வாங்கும் பிள்ளைக்கு அந்த வெளி உறை கண்ணில் படப்போவதில்லை.

சிங்கப்பூரில் ஒரே எழுத்து

காரைக்குடிக்காரர்களுக்கு உறவுக்காரர் நிறைந்த சிங்கப்பூரில், 2022 டிசம்பர் 30 முதல் பாட்டில் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. சிலியில் 2016 முதல் உப்போ சர்க்கரையோ மிகுந்த பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோணம் அச்சாகிறது. கணக்குப் போடும் வேலையே இல்லை.

இங்கே 2022-இல் நட்சத்திர மதிப்பீடு ஒன்றை ஆணையம் வரைவாக வைத்தது. கொஞ்சம் பருப்போ நார்ச்சத்தோ சேர்த்தால் சர்க்கரையின் குற்றம் குறைந்துவிடும் கணக்கு அது; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முன்பக்க எச்சரிக்கை கேட்டுத் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு வைத்தது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் கொடுத்தது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு

பிரஷருக்கு நல்லது என்று விற்கும் 'சோடியம் குறைந்த உப்பில்', எடுத்த சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். லேபிளின் கட்டாயப் பட்டியலில் சோடியம் உண்டு, பொட்டாசியம் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் அந்த உப்புப் பாக்கெட்டை டாக்டரிடம் காட்டிவிட்டே அடுப்படிக்குள் கொண்டுபோக வேண்டும்.