ஸ்கேனுக்கு முன்னே ஊசி

விபத்தில் அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குள் கொண்டுபோனதும் உறவினர்கள் கேட்பது, "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்றுதான். நெஞ்சில் பலத்த அடி என்றால், ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நேரமே உயிரைக் குடித்துவிடக்கூடும்.

காரின் ஸ்டீயரிங்கோ பைக்கின் ஹேண்டில்பாரோ மார்பில் மோதும்போது, முறிந்த விலா எலும்பு நுரையீரலைக் கிழிக்கலாம். அங்கிருந்து கசியும் காற்று நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே சேரும். சிலருக்கு ஒவ்வொரு மூச்சிலும் காற்று அந்த இடைவெளிக்குள் போகும், வெளியேறாது. அழுத்தம் ஏற ஏற நுரையீரல் சுருங்கும், இதயம் மறுபக்கம் தள்ளப்படும். இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தடைபட்டு, ரத்த அழுத்தம் சரியும். சில நிமிடங்களில் உயிர் போகலாம். இத்தனைக்கும் மேல்தோலில் பெரிய காயம் இல்லாமலும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவரின் கண்ணும் காதும் கையுமே போதும். மூச்சு வாங்கும், நாடி வேகமாக ஓடும், ஒரு பக்க மார்பில் மூச்சொலி கேட்காது, அங்கே தட்டினால் வெற்றுக் குடம்போல் ஒலிக்கும். ரத்த அழுத்தமும் இறங்கினால் எக்ஸ்ரேக்கு அனுப்பாமல் உடனே மார்பில் ஊசி செருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு அக்குளுக்குக் கீழே, விலாக்களின் இடையே குழாய் போடுவார்கள். "ஒன்றுமே பார்க்காமல் குத்துகிறார்களே" என்று பதற வேண்டாம், பார்த்துவிட்டுத்தான் குத்துகிறார்கள்.

இப்படி உயிருக்கு ஆபத்தானதை உடனுக்குடன் சரிசெய்ய, மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, பிறகு ரத்த ஓட்டம் என்ற வரிசை உலகெங்கும் மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விமான விபத்தில் மனைவியை இழந்த ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர், காயம்பட்ட தன் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சையைக் கண்டு கொதித்துப்போனார். அதிலிருந்து பிறந்தது இந்த வரிசையைக் கற்பிக்கும் பயிற்சி.

மார்பில் குழாய் போட்டதுமே ஒன்றரை லிட்டர் அளவுக்கு ரத்தம் கொட்டினால், பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். மற்றவர்களில் பலருக்குக் குழாயும் ஆக்சிஜனும் வலி மருந்துமே போதும். வலி மருந்தை அலட்சியம் செய்யவே கூடாது. விலா வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்காமலும் இருமாமலும் கிடந்தால் சளி தேங்கி நிமோனியா வரலாம், வயதானவர்களுக்கு முக்கியமாக. மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

சாலையோரத்தில் பார்ப்பவர்கள் 108ஐ அழையுங்கள். மார்பில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். "எனக்கு ஒண்ணுமில்லை" என்று எழுந்து நடப்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நசுங்கிய நுரையீரலின் வீக்கம் ஓரிரு நாளில்கூட மோசமாகலாம். வீடு திரும்பிய பின் மூச்சுத் திணறலோ, சளியில் ரத்தமோ தென்பட்டால், பகலானாலும் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.